மூன்றாவது குண்டு ஏன் முரண்டு பிடிக்கிறது? மசில்லோடரில் குண்டும் சபோவும் குழலும் பொருந்துகிற கணக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர் ஒருவர், இப்போது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்ப்பவர், மான் வேட்டைக் காலத்துக்காக .50 இன்லைன் மசில்லோடர் ஒன்று வாங்கியிருக்கிறார்: மருந்தையும் குண்டையும் குழல் வாய்வழியே கெட்டித்து, நேர் பின்னாலிருந்து பற்றவைக்கிற அரை இன்ச் குழல் துப்பாக்கி. 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடையும் .452 இன்ச் விட்டமும் உள்ள குண்டு, அதைச் சுற்றி சபோ என்கிற கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணம், கருமருந்துக்கு மாற்றான டிரிபிள் செவன் மருந்தில் 50 கிரெய்ன் பெல்லட் (வில்லை) இரண்டு. சுத்தமான குழலில் முதல் குண்டு சுகமாக இறங்குகிறது. இரண்டாவது இழுபறி. மூன்றாவதுக்கு, குண்டை இறக்குகிற கம்பியின் மேல் உடம்பையே சாய்க்க வேண்டியிருக்கிறது. 100 கஜத்தில் சில நாள் மூன்றும் மூன்று விரற்கடைக்குள் விழுகின்றன, சில நாள் ஒரு சாணைத் தாண்டிச் சிதறுகின்றன. மருந்தை மாற்றவா, ஸ்கோப்பை மாற்றவா என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரே குண்டு, ஒரே சபோ, ஒரே மருந்து. ஆனால் மூன்று தடவையும் கம்பியில் மூன்று விதமான அழுத்தம். அப்படியென்றால் நீங்கள் சுடுவது மூன்று வேறு வேறு சுடுகைகள். அவை ஒரே இடத்தில் விழுந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

நான் யார் என்று ஒரு வரி. புதுவைக்காரன், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவன். பிரான்சில் கருமருந்துத் துப்பாக்கி சுடுவது பெரிய விளையாட்டு. பழைய மாடல்களின் நகல்கள் அங்கே ஆயுதச் சட்டத்தின் டி பிரிவில் வருவதால் வயது வந்தவர் எளிதாக வாங்கலாம், ஊருக்கு ஊர் கிளப்பும் உண்டு. அங்கே கற்றதும், அமெரிக்காவில் இருக்கிற தங்கை மகனின் .50 இன்லைனை அளந்து சுட்டுப் பார்த்ததும்தான் என் சரக்கு.

சபோவை வெறும் உறை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். குழலைவிடச் சின்னக் குண்டுக்கு இடைவெளியை அடைக்கிற பிளாஸ்டிக் கிண்ணம் என்று கடைக்காரரும் அப்படியே சொல்லி விற்பார். உண்மையில் அது மூன்று வேலை பார்க்கிறது. பின்னால் வெடிக்கிற வாயுவை முன்னால் கசியவிடாமல் அடைக்க வேண்டும். குழலின் உள்ளே வெட்டியிருக்கிற சுழல் காடியைப் பிடித்துக்கொண்டு சுழன்று, அந்தச் சுழற்சியைக் குண்டுக்கும் கொடுக்க வேண்டும். குழல் வாயைத் தாண்டியதும் குண்டை எந்தப் பக்கமும் தள்ளாமல் விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு வேலைக்கு இறுக்கம் வேண்டும், மூன்றாவதுக்கு விட்டுக்கொடுக்கிற குணம் வேண்டும். இந்த இழுபறிதான் முழுப் பிரச்சினையும்.

அளவைப் பார்ப்போம். லேத்துப் பட்டறைக்காரர்கள் பாணியில் தௌவிலேயே சொல்கிறேன். இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். உங்கள் குழலில் காடிகளுக்கு நடுவே நிற்கிற மேட்டுக்கு மேடு விட்டம் பெயரளவில் 0.500 இன்ச். குண்டு 0.452. வித்தியாசம் 48 தௌ, பக்கத்துக்கு 24. அதாவது குண்டைப் பக்கங்களில் தாங்குகிற சபோவின் இதழ் அறுநூறு மைக்ரான் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு. இதே குழலில் .430 குண்டு போட்டால் இதழ் பக்கத்துக்கு 35 தௌ, .400 குண்டு போட்டால் 50 தௌ. இதழ் தடிக்கத் தடிக்கப் பிளாஸ்டிக் அமுங்குவதற்கு இடம் அதிகம், ஆனால் குண்டு சரியாக நடுவில் உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் குறைவு. .50 குழலுக்கு .45 குண்டு என்ற ஜோடி அமெரிக்காவில் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது சிக்கல். பெட்டியின் மேல் .50 என்றுதான் போட்டிருக்கும். குழலுக்குள் அது 0.499 ஆகவும் இருக்கலாம், 0.502 ஆகவும் இருக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியில் குழலுக்குக் குழல், இரண்டு மூன்று தௌ தள்ளித்தான் நிற்கும். சபோவிலும் ஒரு வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் வித்தியாசம் உண்டு. குண்டிலும் .451 என்றும் .452 என்றும் இரண்டு விற்கிறார்கள். ஒரு தௌ என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். கையில் கம்பி இருந்தால் தெரியும்: .452 முரண்டு பிடிக்கிற குழலில், அதே சபோவோடு .451 வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த வீட்டுக்காரர் துப்பாக்கியில் அற்புதமாகச் சுடுகிற சபோ உங்களுடையதில் ஏன் சொதப்புகிறது என்பதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. யாராவது "இந்த பிராண்டு சபோதான் பெஸ்ட்" என்று அடித்துச் சொன்னால், "உங்கள் குழல் எத்தனை தௌ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

தளர்ந்தால் என்ன ஆகும்? இது புதிய பிரச்சினை இல்லை, நம் ஊர் மண்ணிலேயே இதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1690-இல் எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்தபோது, கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. கோட்டையோடு, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படி உள்ளே வந்தவைதான் குண்டு கிராமங்கள்; குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டை வாயைவிடச் சின்னதாகத்தான் வார்ப்பார்கள், இல்லையென்றால் இறங்காது. அந்தச் சந்து வழியே வாயு வீணாகக் கசியும், தூரம் குறையும். குண்டு குழலுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டி முட்டிப் போய், கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து வெளியே வரும். அந்த இடைவெளியை அடைக்கிற வித்தை அன்றைக்குக் கைவசம் இருந்திருந்தால் கம்பெனிக்கு இன்னும் நாலு கிராமம் கிடைத்திருக்கும் என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்தபோதும், 1783-இல் கடலூர் முற்றுகையின்போதும் சிப்பாய்கள் தோளில் இருந்தது காடி இல்லாத வழவழப்பான மஸ்கட். ஆங்கிலேயரின் பிரௌன் பெஸ் குழல் சுமார் 0.75 இன்ச், குண்டு சுமார் 0.69. அறுபது தௌ சந்து! வேகமாகக் கெட்டிக்க வேண்டும், பத்துப் பதினைந்து தடவை சுட்டுக் கரி படிந்த பிறகும் குண்டு இறங்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே விட்ட சந்து அது. குறி தவறும் என்பதும் தெரிந்ததுதான். வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டதே அதற்காகத்தான்.

காடி வெட்டிய குழலில் இந்தச் சலுகை செல்லாது. காடியைக் கவ்வினால்தான் குண்டு சுழலும். கவ்வ வேண்டுமென்றால் இறுக்கம் வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய் வழியே இறக்குவது பாடு. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிப் பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குண்டைத் துணியில் சுற்றி இறக்குவது ஒரு வழி. இன்றைக்கும் .50 குழலுக்கு 0.490 உருண்டை, அதைச் சுற்றி 15 தௌ அளவில் கெட்டியான பருத்தித் துணி என்பது வழக்கமான ஜோடி. கூட்டிப் பாருங்கள்: 490, இரண்டு பக்கமும் சேர்த்துத் துணி 30, மொத்தம் 520. 500-க்குள் 520 எப்படிப் போகும்? துணி அமுங்கும், மிச்சம் காடிப் பள்ளத்துக்குள் போய் உட்காரும். சபோவின் தத்துவம் அப்படியே இதுதான், துணிக்குப் பதில் பிளாஸ்டிக்.

இன்னொரு வழியைக் காட்டியவர் பிரெஞ்சு ராணுவக் கேப்டன் குளோட்-எட்டியன் மினியே, 1849-இல். குண்டைச் சின்னதாகவே செய்து, அடியைக் குடைந்து விட்டார். தளர்வாக இறங்கும், மருந்து வெடித்ததும் குடைந்த அடி விரிந்து காடியைக் கவ்வும். அந்த வழியில் வந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்ட் துப்பாக்கி. குழல் 0.577, குண்டு 0.568, அதைச் சுற்றிக் கொழுப்புத் தடவிய காகிதம். அந்தக் கொழுப்பு 1857-இல் கிளப்பிய புயல் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஒன்பது தௌ சந்துக்குள் காகிதத்தோடு குண்டு, மேலே கரி. எண்ணெய்ப் பசை இல்லாமல் அது அசையாது. கொழுப்பு இருந்தும் இந்திய வெயிலில் சில தடவை சுட்டதும் இறங்க மறுத்தது என்று புகார் வந்து, பின்னாளில் குண்டின் விட்டத்தையே 0.550-க்குக் குறைத்தார்கள். உங்கள் மூன்றாவது குண்டின் மூத்த அண்ணன் அது, தம்பி.

ஆங்கிலேய இன்ஜினியர் ஜோசப் விட்வொர்த்தையும் விட்டுவிட மனம் வரவில்லை. நம்மூர் ஃபிட்டர்கள் பி.எஸ்.டபிள்யூ திரெட் என்று தினமும் சொல்கிறார்களே, அந்த விட்வொர்த்தேதான். தௌவையும் தாண்டி அளந்து காட்டிய மனிதர். 0.451 இன்ச்சில் அறுகோணக் குழல் கடைந்து, அதற்கு அச்சாகப் பொருந்துகிற அறுகோணக் குண்டையும் செய்தார். 1857 பரிசோதனையில் தூரக் குறியில் என்ஃபீல்டை அடித்துத் தள்ளியது. ஆனால் விலை அதிகம், கரி படிந்தால் கெட்டிப்பது கஷ்டம் என்று ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது. துல்லியமான பொருத்தத்துக்கு உள்ள விலை அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

சரி, உங்கள் துப்பாக்கிக்கு வருவோம். தளர்ந்த சபோ குறியை மட்டும் கெடுப்பதில்லை, மருந்து எரிகிற விதத்தையே மாற்றுகிறது. திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவரைக் கேளுங்கள்: அதே மருந்து, கெட்டிப்பு தளர்ந்தால் புஸ்ஸென்று போகும், இறுகினால் தெரு அதிரும். கருமருந்து ஓரளவுக்கு இதைப் பொறுத்துக்கொள்ளும். இன்றைய மாற்று மருந்துகள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. குறிப்பாக பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து பற்றவே, பொறி தருகிற நல்ல சூடான 209 பிரைமரும், முன்னால் இறுக்கமான அடைப்பும் வேண்டும். தளர்ந்த சபோவோடு அதைப் போட்டால் ஒரு தடவை நன்றாகப் போகும், மறு தடவை ஒரு நொடி தயங்கிப் போகும். வேகம் ஏறி இறங்கினால் 100 கஜத்தில் அவ்வளவாகத் தெரியாது, 200-இல் மேலும் கீழுமாகச் சிதறும். இதை ஓர் அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம்: குறி நெட்டுக்குத்தாகச் சிதறினால் முதலில் அடைப்பையும் பற்றவைப்பையும் சந்தேகப்படுங்கள்.

தளர்வில் இதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. கெட்டித்த துப்பாக்கியை வாய் கீழாகப் பிடித்து நடந்தாலோ, வண்டியில் குலுங்கினாலோ, தளர்ந்த குண்டு மருந்தை விட்டு முன்னால் நகரும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் விழுந்த நிலையில் சுட்டால் குழல் அந்த இடத்தில் உப்பிவிடும், வெடிக்கவும் வெடிக்கலாம். காலிக் குழலில் கம்பி எங்கே நிற்கிறது, சரியாகக் கெட்டித்த பிறகு எங்கே நிற்கிறது என்று கம்பியிலேயே இரண்டு கோடு போட்டு வையுங்கள். சுடுவதற்கு முன் கோடு குழல் வாயோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இறுக்கமான சபோவிலும் இதே ஆபத்து வேறு வாசல் வழியாக வரும்: பாதியில் நின்றுபோன குண்டை, இறங்கிவிட்டது என்று நினைத்துச் சுடுவது. கம்பியில் உடம்பைச் சாய்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். குழல் வாய்க்கு நேராக முகமோ நெஞ்சோ உள்ளங்கையோ வரக் கூடாது. கம்பியைப் பக்கவாட்டில் பிடித்து, சிறுகச் சிறுகத் தள்ள வேண்டும்.

இறுக்கம் மிஞ்சினால் குறி எப்படிக் கெடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இறுக்கம் என்றால் நல்லதுதானே என்று நினைப்பார்கள். அளவுக்கு மீறி இறுகினால் குழல் வாயின் விளிம்பு பிளாஸ்டிக்கைச் சீவும், அடிக்கிண்ணத்தின் உதடு ஒரு பக்கம் மடியும். மேலே அழுத்துகிற அழுத்தத்தில் குண்டின் மூக்கு நசுங்கும். உங்கள் கம்பி நுனி குண்டின் மூக்குக்கு ஏற்ற வடிவில் இல்லையென்றால் இது நிச்சயம். அதோடு பெல்லட் மருந்துக்காரருக்கு இன்னொரு தலைவலி: கடைசியில் குண்டு திடீரென்று நழுவி இடிக்கும், பெல்லட் நொறுங்கும். நொறுங்கிய பெல்லட் முழுப் பெல்லட் போல எரியாது.

சுழற்சிக் கணக்கையும் ஒரு தடவை போட்டுவிடலாம். உங்கள் குழலில் 28 இன்ச்சுக்கு ஒரு சுற்று இருக்கும், இன்லைன்களில் அதுதான் வழக்கம். நொடிக்கு 1,700 அடி வேகம் என்று வைத்தால் குண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 43,700 சுற்றில் வெளியே வர வேண்டும். அவ்வளவு தேவையா? கிரீன்ஹில் சூத்திரப்படி, 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுத்தால் வேண்டிய சுற்றின் நீளம் வரும். 0.452 விட்டம், முக்கால் இன்ச் நீளம் என்று வைத்தால் 41 இன்ச்சுக்கு ஒரு சுற்றே போதும். 28 என்பது தாராளம். துணி சுற்றிய 0.490 உருண்டைக்கு இதே சூத்திரம் 73 இன்ச்சு கொடுக்கும். பழைய பாணித் துப்பாக்கிகளில் 66 இன்ச்சுக்கு ஒரு சுற்று வைப்பது அதனால்தான். ஆனால் இந்தத் தாராளமெல்லாம் சபோ வழுக்காமல் கவ்வினால்தான். குழலில் எண்ணெய் இருந்தாலோ, பிளாஸ்டிக் சூட்டில் இளகியிருந்தாலோ, குழல் சுழற்றுகிற வேகத்தில் குண்டு சுழலாது. சுத்தம் செய்து எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கியின் முதல் குண்டு தனியாக எங்கோ போவதற்கு இதுதான் காரணம். வேட்டைக்குக் கிளம்புமுன் ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெயைத் துடைத்து, காய்ந்த துணி ஓட்டி, வெறும் பிரைமர் ஒன்றைச் சுட்டுவிட்டுப் பிறகு கெட்டியுங்கள்.

இப்போது மூன்றாவது குண்டு. கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடமாகவே மிஞ்சும். மாற்று மருந்துகளில் கரி குறைவு. ஆனால் டிரிபிள் செவனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: மருந்தும் குண்டும் சந்திக்கிற இடத்தில், குழலுக்குள் கண்ணாடி போலக் கெட்டியான ஒரு வளையத்தைப் படியவிடும். உங்கள் கம்பி கடைசி இரண்டு இன்ச்சில்தான் முரண்டு பிடிக்கிறதா, மேலிருந்தே பிடிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கடைசியில்தான் என்றால் அந்த வளையம்தான் குற்றவாளி. மேலிருந்தே என்றால் உங்கள் குழலுக்கு இந்த ஜோடி ஒரு தௌ இரண்டு தௌ தடிமன். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கரி காற்றின் ஈரத்தைப் பொறுத்தும் மாறும்: புதுவைக் கடற்கரைக் காற்றில் அது ஈரம் உறிஞ்சிக் கூழாக இருக்கும், உங்கள் ஊரின் வறண்ட பனிக்காலத்தில் காய்ந்து இறுகும். கோடையில் சுட்டுப் பார்த்துச் சரியாக இருந்தது டிசம்பரில் இறங்காமல் போவதற்கு இது ஒரு காரணம். குளிரில் பிளாஸ்டிக் விறைப்பது இன்னொரு காரணம். வேட்டைக்குப் போகிற குளிரிலேயே ஒரு நாள் கெட்டித்துப் பாருங்கள்.

சூடு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். நாலைந்து குண்டு வேகமாகச் சுட்டால் குழல் சூடாகி, அடுத்த சபோ உள்ளே இறங்கும்போதே இளகிவிடும். கம்பிக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் குறி எங்கோ போகும். குழலைக் கையால் தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டுச் சுடுங்கள். கத்திரி வெயிலில் நம் ஊரில் இரும்பு கிடக்கிற சூட்டை நினைத்தால், சபோ கண்டுபிடித்தவர்கள் குளிர் தேசத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மருந்து இல்லை, பிரைமர் இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, குழலின் பின்பக்கத்தை அடைக்கிற பிரீச் பிளக்கைக் கழற்றுங்கள். சுத்தமான குழலில் குண்டையும் சபோவையும் வாய்வழியாகத் தள்ளிப் பின்வழியாக வெளியே எடுங்கள். கம்பி போகிற வழி முழுவதும் ஒரே மாதிரி அழுத்தம் கேட்கிறதா, நடுவில் எங்காவது தொளதொளவென்று போகிறதா என்று கையால் உணருங்கள். அழுத்தத்தை எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் காலித் துப்பாக்கியின் கட்டையை எடை பார்க்கிற மெஷின் மேல் நிறுத்தித் தள்ளுங்கள். 40 பவுண்டு, அதாவது 18 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நான் அந்த எண்ணைவிட, பத்துச் சபோவுக்கும் அது மாறாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். வெளியே வந்த சபோவைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: காடியின் தடம் எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். மங்கலாக இருந்தால் தளர்வு. பிளாஸ்டிக் இழை இழையாகச் சீவியிருந்தால் இறுக்கம், அல்லது குழல் வாய் விளிம்பில் பிசிறு. ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் குண்டு நடுவில் உட்காரவில்லை.

பிறகு களத்தில் சுட்டுவிட்டு, ரேஞ்சில் அனுமதி கிடைத்ததும் போய் விழுந்த சபோக்களைப் பொறுக்குங்கள். இருபது முப்பது கஜத்தில் கிடக்கும். பலர் இதைக் குப்பை என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு டார்கெட் காகிதத்தைவிட இதுதான் அதிகம் பேசும். நாலு இதழும் ஒரே அளவில் பின்னால் மடங்கியிருந்தால் நல்லது. ஓர் இதழ் நேராகவே நின்றால், அது குண்டை விடத் தாமதித்துப் பக்கமாக இடித்திருக்கிறது. இதழ் பிய்ந்து போயிருந்தால் பிளாஸ்டிக் அந்த மருந்தின் வேகத்தைத் தாங்கவில்லை. அடிக்கிண்ணத்தில் உருகிய ஓட்டையோ கரிக் கோடோ இருந்தால் வாயு கசிந்திருக்கிறது. சபோவுக்கு அடியில் ஒரு கம்பளி வட்டு வைத்துப் பாருங்கள், அல்லது மருந்தைக் கொஞ்சம் குறையுங்கள். நம் பக்கத்து நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியில் மருந்துக்கு மேல் நாரைத் திணித்துக் கெட்டித்ததும் இதே அடைப்புக்காகத்தான். அவர்களிடம் மைக்ரோமீட்டர் இல்லை, கைக்கு அழுத்தம் தெரிந்திருந்தது.

உங்கள் ஜோடி தடிமன் என்று தெரிந்தால் முதலில் சபோவை வைத்துக்கொண்டு .451 குண்டுக்கு மாறுங்கள், அதுதான் மலிவு. போதாவிட்டால் சுவரில் வரிவரியாக மேடு வைத்த ஹார்வெஸ்டர் கிரஷ் ரிப் சபோ. அந்த வரிகள் மட்டும் நசுங்குவதால் இறக்குவது சுலபம், கவ்வுவதும் குறையாது. எம்.எம்.பி. கம்பெனி ஒரே ஜோடிக்குக் கனம் மாறிய சபோக்கள் செய்கிறது, அதையும் பார்க்கலாம். சபோவே வேண்டாம் என்று குழல் அளவுக்கே டையில் அழுத்தி எடுத்த குண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் குழலை அளக்கத் தெரியாமல் அதில் இறங்காதீர்கள். அளப்பதென்றால் சுத்த ஈய உருண்டையைக் குழலில் தட்டித் தள்ளி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரால் பார்ப்பது. வெர்னியர் போதாது.

ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று ஓட்டுங்கள். டிரிபிள் செவன் கரி தண்ணீரிலேயே கரையும், அந்த வளையமும் போகும். ஈரம் குழலில் ஒளிந்திருக்கும் தணலையும் அணைத்துவிடும். களத்தில் இது தொல்லை என்றால்தான் மருந்தை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பிளாக்ஹார்னில் நடுவே துடைக்காமலே தொடர்ந்து கெட்டிக்கலாம். ஆனால் அதற்கு உங்கள் பிரீச் பிளக் ஏற்றதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். கையேடு தெளிவாகச் சொல்லாவிட்டால், சாதாரண ரைஃபிளில் போடும் புகையில்லா மருந்தை இந்தத் துப்பாக்கியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அங்கே குழல் தாங்காது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, கொலராடோ மாநிலத்தின் மசில்லோடர் பருவத்தில் சபோவும் கூடாது, பெல்லட் மருந்தும் கூடாது, ஸ்கோப்பும் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு: இங்கே வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, வாய்வழிக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

கடைசியாக ஸ்கோப். அதன் மவுண்ட் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். குழல் ஆறி, துடைத்து, கம்பிக் கோடு சரியாக நிற்கிற நிலையில் ஐந்து குண்டு சுட்டு, அப்போதும் ஒரு சாண் சிதறினால் ஸ்கோப்பைப் பற்றிப் பேசலாம். எழுதும்போது .451-ஆ .452-ஆ, கம்பி எந்த இடத்தில் முரண்டு பிடித்தது, பொறுக்கிய சபோவின் இதழ்கள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.